வீட்டைக் கட்டிப் பார்: மேஸ்திரி முதல் மீட்டர் வரை

(மூன்றாமாண்டு, சிவில் பிரிவு)

மலர் வேலை தொடங்கிய அன்று மாணவர் மன்றச் செயலாளர் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "டேய், கவிதை மட்டும் முப்பத்தேழு வந்திருக்கு. அதுல இருபது 'நட்பு', பத்து 'அம்மா'. நீயாவது டெக்னிக்கலா ஒண்ணு எழுதிக் குடுடா" என்றார். "என்னண்ணே எழுதறது?" என்றேன். "உங்க வீடு கட்டினீங்கள்ல, அதையே எழுது. நாளைக்கு எல்லாரும் கட்டத்தானே போறோம்" என்றார்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இரண்டாவதில் எனக்கு இன்னும் அனுபவம் இல்லை (சிரிக்காதீர்கள்). முதலாவதை 2025 தை மாதம் தொடங்கி 2026 தை மாதம் முடித்துப் பால் காய்ச்சினோம். மனை 3 சென்ட், அதாவது 1307 சதுர அடி. வீடு 850 சதுர அடி. அப்பாவின் சேமிப்பு பாதி, பாங்குக் கடன் பாதி. வீட்டில் சிவில் படிப்பவன் ஒருவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் மேற்பார்வையை அப்பா என்னிடம் விட்டார். அந்த மேற்பார்வையில் நான் சரியாகச் செய்தது கொஞ்சம், கோட்டை விட்டது கொஞ்சம். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

காண்ட்ராக்டில் இரண்டு வகை

ஊரில் வழக்கத்தில் இருப்பது இரண்டு. ஒன்று முழு காண்ட்ராக்ட். சிமெண்ட், கம்பி, செங்கல், கூலி எல்லாமே காண்ட்ராக்டர் பொறுப்பு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிடுவார்கள். நமக்கு அலைச்சல் குறைவு. ஆனால் எந்தக் கம்பி, எத்தனை மூட்டை என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று லேபர் காண்ட்ராக்ட். பொருளை நாம் வாங்கிப் போட வேண்டும், கூலி மட்டும் மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கு. தரம் நம் கையில். ஆனால் காலை ஆறு மணிக்கு, "சார், ஜல்லி தீந்துபோச்சு, ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க" என்று போன் வந்தால் எழுந்து ஓட வேண்டும்.

எது நல்லது? வீட்டில் ஒருவராவது தினமும் சைட்டுக்குப் போக முடியும் என்றால் லேபர் காண்ட்ராக்ட். முடியாது என்றால் முழு காண்ட்ராக்ட் கொடுத்துவிட்டு, பொருளின் பெயர், அளவு, தரம் எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது. நான் கல்லூரிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னதால் நாங்கள் லேபர் காண்ட்ராக்ட் கொடுத்தோம். சதுர அடிக்கு 480 ரூபாய். 850 சதுர அடிக்கு 4,08,000 ரூபாய்.

எழுத்தில் இல்லாத சதுர அடி

பேச்சு முடிந்தது டீக்கடையில். வெற்றிலை பாக்கில் பத்தாயிரத்து ஒன்று வைத்துக் கொடுத்தார் அப்பா. மேஸ்திரி நல்ல வேலைக்காரர்தான், பத்துப் பதினைந்து வீடு கட்டியவர். "எழுதிக்கலாமாண்ணே?" என்று நான் கேட்டதற்கு அப்பா முறைத்தார். "நம்பிக்கையாப் பேசுற இடத்துல பேப்பரை நீட்டாதடா."

ரூஃப் போட்ட பிறகு கணக்கு வந்தது: 1010 சதுர அடி! சிட் அவுட், வெளிப் படிக்கட்டு, படிக்கு மேல் போட்ட ஹெட்ரூம், சன்ஷேடு எல்லாவற்றையும் அளந்து சேர்த்திருந்தார். 160 சதுர அடி அதிகம். 480-ஆல் பெருக்கினால் 76,800 ரூபாய். "எல்லா வீட்லயும் இப்படித்தான் தம்பி அளப்போம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் வழக்கம் அது. எங்கள் மனதில் இருந்தது பிளானில் போட்ட 850. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி வேறு வேறு அர்த்தம் வைத்திருந்தோம். கடைசியில் பாதிக்குப் பாதி என்று சமாதானமானது. எங்களுக்கு நஷ்டம் 38,400 ரூபாய், அவருக்கும் அதே மனக்குறை.

ஆகவே நண்பர்களே, ஒப்பந்தத்தை எழுதிக்கொள்வது சந்தேகப்படுவது ஆகாது. சண்டையைத் தவிர்ப்பதற்குத்தான் அது. குறைந்தது இவை அதில் இருக்க வேண்டும்:

1. சதுர அடி எப்படி அளக்கப்படும்? சிட் அவுட், படி, ஹெட்ரூம், சன்ஷேடு இவற்றுக்கு முழு அளவா, பாதி அளவா, இல்லையா?
2. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், கைப்பிடிச் சுவர், மாடித் தட்டோடு ஆகியவை உள்ளேயா, வெளியேயா? வெளியே என்றால் என்ன ரேட்?
3. சென்ட்ரிங் பலகை, முட்டு, சாரம், மிக்சர் மெஷின், வைப்ரேட்டர் வாடகை யார் பொறுப்பு?
4. எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் சுவரைக் குடைந்த பிறகு அடைத்துப் பூசுவது யார்? (சிறிய விஷயம் மாதிரி தெரியும். மூன்று நாள் சண்டை நடந்தது இதற்குத்தான்.)
5. இடையில் ஏதாவது மாற்றிக் கட்டச் சொன்னால், அதன் கூலியை வேலைக்கு முன்பே பேசி நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது.
6. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பணம், எத்தனை நாள்.

பணம் வேலைக்குப் பின்னால் நடக்க வேண்டும்

சனிக்கிழமை ஆனால் மேஸ்திரி தலையைச் சொறிவார். "ஆளுங்களுக்குக் கூலி போடணும்ணே." அப்பா கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுத்துக் கொடுத்து, ரூஃப் முடிந்தபோது செய்த வேலையைவிட ஏறக்குறைய எழுபதாயிரம் அதிகமாகப் போயிருந்தது. அடுத்த இரண்டு வாரம் சைட்டில் ஒரு ஆள் இல்லை. மேஸ்திரி இன்னொரு ஊரில் அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார். வாங்கிய பணத்துக்கு மீதி வேலை செய்ய அவருக்கு அவசரம் என்ன?

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்களைப் பிடித்து வைக்க அவர் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், அதற்குப் புது வேலையில் பணம் வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு சைட்டின் பள்ளத்தை இன்னொரு சைட்டின் மண்ணால் மூடுகிற பிழைப்பு அது. அந்தப் பள்ளம் நம் வீட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

எங்கள் அனுபவத்துக்குப் பிறகு நான் போட்ட பங்கீடு இது: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மெண்ட் முடிந்ததும் 15, லிண்டல் மட்டம் வந்ததும் 15, ரூஃப் காங்கிரீட் போட்டதும் 25, உள், வெளிப் பூச்சு முடிந்ததும் 20, தரையும் மற்ற ஃபினிஷிங்கும் முடிந்ததும் 10. கடைசி 5 சதவீதம் குடிபோய் ஒரு மழை பார்த்த பிறகு. ஒழுகினால் கூப்பிட்டவுடன் வருவார்! சனிக்கிழமைக் கூலி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குரிய தொகைக்குள்ளேயே அது இருக்கட்டும். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தொகை, கையெழுத்து. பாங்குக்காரர்களும் கடனைக் கட்டம் கட்டமாகத்தான் விடுகிறார்கள். அவர்கள் ரூஃப் வரை வந்து பார்த்துவிட்டுத்தான் பணம் தருவார்கள் என்றால், நாம் மட்டும் ஏன் முன்னாடியே நீட்ட வேண்டும்?

லாரியும் தராசும்

எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எங்களுக்கு முதலில் வந்த லாரிக்கு மூன்று யூனிட் என்று பில். நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். நீளம் 12 அடி, அகலம் 7 அடி, மணல் நின்ற உயரம் 3 அடி. பெருக்கினால் 252 கன அடி. இரண்டரை யூனிட்தான். டிரைவர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பி என்ன படிக்குது?" என்றார். அடுத்த லாரியிலிருந்து பில் சரியாக வந்தது. இன்னொன்று, ஈர மணல் உப்பி நிற்கும். நாம் லேபில் செய்த பல்கிங் சோதனை ஞாபகம் இருக்கிறதா? அதன் பலன் லாரியில்தான் தெரியும்.

கம்பிக்கு நம் பழைய சூத்திரம்: விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.67 கிலோ. 40 கம்பி வாங்கினால் 427 கிலோ வர வேண்டும். எடைமேடைச் சீட்டையும் கம்பி எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

ஒரு வயரும் ஒரு உயிரும்

இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் கட்டுரையே பொய்யாகிவிடும்.

வீடு கட்டத் தொடங்கும்போதே தற்காலிக மின் இணைப்புக்கு மனுப்போட வேண்டும். எங்களுக்கு அது தெரியும். "அதுக்கெல்லாம் எதுக்குத் தம்பி அலைச்சல்? பக்கத்து வீட்ல ஒரு வயர் இழுத்துக்கலாம், யூனிட்டுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டாப் போச்சு" என்றார் மேஸ்திரி. பக்கத்து வீட்டுக்காரரும் நல்ல மனிதர், சரி என்றார். கட்டுமானத்துக்கான மின்கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம், அது மிச்சம் என்று நாங்களும் இருந்துவிட்டோம். வீட்டு இணைப்பைக் கட்டுமானத்துக்கு உபயோகிப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வருகிற அங்கீகாரமற்ற உபயோகம். பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டியது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். உதவி செய்தவரை மாட்டிவிடுகிற வேலை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

ஆனால் அபராதம் வரவில்லை. வந்தது வேறு.

சித்திரை வெயில். ரூஃப் போட்டு நான்காம் நாள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். கீழே தொட்டியிலிருந்து ஏற்ற ஒரு அரை ஹெச்.பி. மோட்டார். அதற்கு வந்த வயர் இரண்டு கோர் மட்டும், எர்த் கிடையாது. நடுவில் ஒரு ஜாயிண்ட், மேலே டேப் சுற்றியது, ஈர மண்ணில் கிடந்தது. மோட்டாருக்குள்ளும் எங்கோ லீக்கேஜ் இருந்திருக்கிறது. சித்தாள் அக்கா ஒருவர் தண்ணீர் வரவில்லையே என்று இரும்புக் குழாயைப் பிடித்து ஆட்டினார்.

சத்தம் கேட்டு நான் திரும்பியபோது அவர் மணல் குவியலில் கிடந்தார். உள்ளங்கையில் கருகிய கோடு. அரை நிமிஷம் கண் திறக்கவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டார். "தூக்கி எறிஞ்சதால பொழைச்சாங்க. பிடிச்சுக்கிட்டிருந்தா கதையே வேற" என்றார் டாக்டர். உடம்பில் ஏறக்குறைய 10 மில்லிஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே கைத்தசை இறுகிக்கொள்ளும், பிடித்ததை விட முடியாது.

அந்த வீட்டில் ஃப்யூஸ் இருந்தது. ஏன் போகவில்லை? இதை நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற, மனிதனைக் காப்பாற்ற அல்ல. 5 ஆம்பியர் ஃப்யூஸுக்கு ஒருவர் உடம்பில் ஓடும் 50 மில்லிஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. மனிதனைக் காப்பாற்ற இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மோட்டாரின் உலோக உடம்பிலிருந்து பூமிக்கு நல்ல எர்த். கசிந்த மின்சாரம் அந்த வழியாக இறங்கிவிடும். இரண்டு, ஆர்.சி.சி.பி. பேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

முதலாமாண்டில் எர்த்திங் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான். தினமும் இரண்டு வேளை அந்த வயரைத் தாண்டித்தான் நடந்தேன். ஒருநாளாவது குனிந்து பார்த்தேனா? இல்லை.

"இதெல்லாம் சைட்ல சகஜம் தம்பி" என்றார் மேஸ்திரி. அப்பா அவரிடம் ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் அந்த அக்கா வர முடியாத நாட்களின் கூலியையும் கொடுத்துவிட்டு, அன்று இரவு என்னிடம் சொன்னார்: "கணக்குல 38,000 ரூபாய் ஏமாந்தது போகட்டும்டா. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு." மறுநாள் காலையில் நான் ஈ.பி. ஆபீசில் நின்றேன்.

அந்த அக்காவிடம் நல வாரிய அட்டையும் இல்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ல் அமைந்தது. பதிவு செய்த தொழிலாளிக்கு விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு உதவி, ஓய்வூதியம் உண்டு. உங்கள் சைட்டுக்கு ஆள் வரும்போது அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பதிவு செய்ய உதவுங்கள். படித்த நமக்கு அது ஒரு மணி நேர வேலை.

கரண்ட்: எந்த வரிசையில் போவது?

மின்சாரத்தைக் கவனிக்கும் நிறுவனத்தின் பெயர் 2024-ல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று மாறினாலும், ஊரில் எல்லோருக்கும் அது ஈ.பி.தான்.

முதலில் கட்டட அனுமதி. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில் 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. எங்கள் வீடு அப்படித்தான் அனுமதி பெற்றது. அனுமதி கையில் வந்த உடனே, பத்திர நகலையும் அடையாளச் சான்றையும் வைத்துத் தற்காலிக இணைப்புக்கு மனுப்போடுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போது மீட்டர் பலகை நிற்க வேண்டும். பலகையில் மீட்டருக்கு அடுத்ததாக 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., பக்கத்தில் எர்த். இரண்டும் இல்லாமல் வைப்ரேட்டரை ஓட விடாதீர்கள்.

அடுத்து, மேலே பாருங்கள். மனையை ஒட்டி மின்கம்பி போகிறதா? சாதாரண லோ டென்ஷன் கம்பி என்றால் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மொட்டை மாடிக்கு மேலே 2.5 மீட்டரும் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் லைன் என்றால் பக்கவாட்டில் 1.2, மேலே 3.7 மீட்டர். பிளான் போடும்போதே இதைப் பார்க்க வேண்டும். மாடி கட்டிய பிறகு கம்பியை நகர்த்தச் சொன்னால் செலவு நம் தலையில். 12 மீட்டர் முறுக்குக் கம்பியை மேலே தூக்கும்போது அந்த லைனில் பட்டு உயிர் போன செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

மூன்றாவது, லோடு கணக்கு. தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸ் 4 கிலோவாட் வரைதான். ஒரு ஏ.சி. 1.5 கிலோவாட், கீசர் 2, மோட்டார் 0.75, லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 1 என்று வையுங்கள். 5.25 ஆகிவிட்டது. மூன்று பேஸ் வேண்டும். இதை ஆரம்பத்திலேயே தீர்மானித்தால் மெயின் வயர், போர்டு, மீட்டர் இடம் எல்லாம் அதற்கேற்ப அமையும்.

ரூஃப் காங்கிரீட்டுக்கு முதல் நாள் எலக்ட்ரீஷியனும் கம்பி கட்டுபவரும் ஒன்றாக சைட்டில் இருக்க வேண்டும். பைப்பும் ஃபேன் பாக்ஸும் கம்பிக்கு நடுவில் போகின்றன. ஒருவர் போட்டதை இன்னொருவர் நகர்த்தாமல் இருக்க அதுதான் வழி. காங்கிரீட் கொட்டுவதற்கு முன் செல்போனில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சுக்கு முன் சுவர்களையும் அதேபோல. பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோதான் தெய்வம்.

வயரிங் முடிந்ததும் உரிமம் பெற்ற எலக்ட்ரிகல் காண்ட்ராக்டரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்க வேண்டும். வெறும் கையெழுத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். மெக்கர் வைத்துச் சோதிக்கச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். வீடு முடிந்ததும் வீட்டுக் கட்டண விகிதத்துக்கு மாற்ற உடனே மனு. மறந்தால் குடிபோன பிறகும் கட்டுமான விகிதமே ஓடும். கட்டட முடிவுச் சான்று உங்கள் வீட்டுக்குத் தேவையா, விலக்கு உண்டா என்பதை அனுமதி வாங்குகிற அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த விதி அவ்வப்போது திருத்தப்படுகிறது.

தண்ணீர் வருவதும் போவதும்

போர் முதலில், வீடு பிறகு. கட்டத் தண்ணீர் வேண்டுமே! அந்தத் தண்ணீரைச் சோதனைக்கும் கொடுங்கள். ஐ.எஸ். 456 சொல்வது: கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பி.ஹெச். 6-க்குக் குறையக் கூடாது. உப்புத் தண்ணீரில் போட்ட கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்து, பத்து வருஷம் கழித்து ரூஃபைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும்.

குடிநீர் இணைப்பு, பாதாள சாக்கடை இரண்டுக்கும் மனுவை ரூஃப் கட்டத்திலேயே விசாரித்து வையுங்கள். சாலை போட்ட பிறகு வெட்ட அனுமதி வாங்குவது பெரும் பாடு.

சாக்கடை விஷயத்தில் நான் ஒன்றைச் சரியாகச் செய்தேன். எங்கள் மனை சாலையைவிட ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. பள்ளம். மேஸ்திரி பேஸ்மெண்ட் உயரம் இரண்டடி என்றார். டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி நானும் தம்பியும் மட்டம் பிடித்தோம். தெரு ஓரச் சேம்பரில் பைப் சேரும் இடம் சாலைக்கு 45 செ.மீ. கீழே. வீட்டுத் தரை சாலையைவிட 15 செ.மீ.தான் மேலே வரும். ஆக மொத்தம் கிடைக்கும் இறக்கம் 60 செ.மீ. தேவை எவ்வளவு? பின்பக்கக் கழிப்பறையில் பைப் தரைக்கு 45 செ.மீ. கீழே தொடங்குகிறது. அங்கிருந்து சேம்பர் வரை 15 மீட்டர், 60-க்கு 1 சரிவு என்றால் 25 செ.மீ. மொத்தம் 70. பத்து செ.மீ. பற்றாக்குறை!

"அதெல்லாம் ஓடிரும் தம்பி" என்றார் மேஸ்திரி. தண்ணீர் மேல்நோக்கி ஓடாது அண்ணே என்றேன். ஒரு அடி உயர்த்தி மூன்றடி ஆக்கினோம். கல்லும் மண்ணும் கூடுதல் செலவுதான். ஆனால் இப்போது 20 செ.மீ. கையிருப்பு இருக்கிறது. நாளைக்குச் சாலையை மறுபடி உயர்த்திப் போட்டாலும் மழைத் தண்ணீர் உள்ளே வராது.

பாதாள சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க்தான். அதிலிருந்து வரும் நீர் இறங்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும் வீட்டிலிருந்து 6 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470. 3 சென்ட் மனையில் 18 மீட்டருக்கு எங்கே போவது? எதிர் எதிர் மூலையில் வைத்தாலும் போதாது. பக்கத்து வீட்டுக் குழி நம் போருக்கு அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் போர்த் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதே உத்தமம். டேங்கைச் சுத்தம் செய்ய மனிதனை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரி குழாய் எட்டும் இடத்தில் மூடியை அமையுங்கள்.

அஸ்திவாரத்தில் மண் நிரப்பும் முன் சாக்கடை, குடிநீர், மின்கேபிள் எல்லாவற்றுக்கும் பி.வி.சி. பைப் துண்டுகளைச் சுவரில் விட்டுவிடுங்கள். ஒரு பைப் துண்டுக்குப் பார்த்தால் பிறகு கிரானைட் பெல்டை உடைக்க வேண்டி வரும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம். மாடித் தண்ணீரை எந்தப் பைப் எந்தக் குழிக்குக் கொண்டுபோகிறது என்பதையும் இதே பிளானில் வரையுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் எல்லாக் குழாயிலும் தண்ணீர் நிரப்பி ஒருநாள் முழுக்க வைத்துப் பாருங்கள்.

அவசரப்படக் கூடாத இரண்டு

மேஸ்திரி பலகையைச் சீக்கிரம் பிரிக்கப் பார்ப்பார். வாடகை ஓடுகிறதே! ஐ.எஸ். 456 படி சாதாரண சிமெண்ட் என்றால், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள ரூஃபுக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். தண்ணீர் ஊற்றுவது சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள். கடையில் இன்று பெரும்பாலும் கிடைப்பது கலப்புச் சிமெண்ட்தான், மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருக்கும். அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். நாங்கள் 14 நாள் ஊற்றினோம், முட்டையும் கூடுதலாக ஒரு வாரம் விட்டுத்தான் பிரித்தோம்.

முடிவாக...

பால் காய்ச்சுகிற அன்று மேஸ்திரியும் வந்தார். அப்பா அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, மீதிக் கணக்கை முடித்துக் கையெழுத்து வாங்கினார். இந்த முறை பேப்பரை நீட்டியது அப்பாதான்.

அந்த அக்காவும் பிள்ளைகளோடு வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனவர், குழாயருகில் போய் ஒரு கணம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இதுல ஷாக் அடிக்காதுல்ல?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரையும் பிள்ளைகளையும் போர்டுக்கு அழைத்துப் போய், ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினேன். டக் என்று வீடே அணைந்தது. உள்ளே சமையல்காரர் கத்தினார். பிள்ளைகள் கை தட்டின. "மாசம் ஒருதடவை இதை அமுக்கிப் பாக்கணும்க்கா. அணையலைன்னா அது வேலை செய்யலைன்னு அர்த்தம்" என்றேன்.

நண்பர்களே! நாளை நீங்கள் சூப்பர்வைசராக, இன்ஜினியராக, காண்ட்ராக்டராக சைட்டுக்குப் போவீர்கள். இல்லாவிட்டாலும் சொந்த வீட்டுக்காவது மேற்பார்வை பார்ப்பீர்கள். பிளானைப் பாருங்கள், பில்லைப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், சைட்டுக்குள் கால் வைத்ததும் தரையில் கிடக்கிற வயரை ஒருதரம் குனிந்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்றால் இந்த மலரை மூடி வைத்துவிட்டு அந்தப் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வீட்டைக் கட்டுங்கள். நன்றாகக் கட்டுங்கள். கட்டுகிறவர்கள் எல்லோரும் சாயங்காலம் முழுசாக வீடு போய்ச் சேரும்படி கட்டுங்கள்.